வான்வெளித் தூசியும் வெப்பக் கதிரும்

ஆடித் திங்களிற் குற்றாலத்தில் சாரல் பொழியுங் காலத்து, கிழக்கே கரிசல் நிலத்தில் அமைந்த எம் திருவேங்கடத்திற்கு வந்தெய்துவது பெரும்பாலும் காற்றும் புழுதியுமே. மாலைக் கதிரவன் அப்புழுதியினூடே ஒளி குன்றிச் சிவந்து தோன்றுவான். இரவிற் காற்றடங்கி வானந் தெளியுமாயின், தென்றிசையில் விருச்சிகத்தின் அருகே பால்வீதி வெண்ணிறமாய்ப் பரந்து கிடக்கும். அதனிடையே கரிய இடைவெளிகள் பல உள. சிறுவனாயிருந்தபோது அவற்றைச் சுட்டி, அங்கே என்ன இருக்கின்றது என்று என் ஆச்சியை வினவினேன். "அங்கே ஒன்றுமில்லை ராசா, வெறும் இருட்டுத்தான்" என்றார். அவ்விடை தவறே, எனினும், அது பேரறிஞரும் செய்த தவறாகும்.

விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளி பாழன்று. ஹைட்ரஜனைத் தலைமையாகக் கொண்ட வாயுக்களும், அவற்றோடு கலந்த நுண்ணிய தூசியும் ஆங்கே பரவியுள்ளன. வாயு மிக ஐதானது. பால்வீதியில் ஒரு கன சென்டிமீட்டருக்குச் சராசரி ஓர் அணு அளவே உண்டு. தூசியோ அப்பொருளின் நிறையில் நூற்றில் ஒரு பங்கே. ஒரு மில்லிமீட்டரைப் பதினாயிரங் கூறிட்டால் வரும் ஒரு கூறே அத்துகள் ஒன்றன் பருமன் எனலாம். மணலுக்கு இனமான சிலிகேட்டுகளும் கரிமமும் அதன் உறுப்புகள். இத்துணைச் சிறிதாயினும், ஒளியாண்டுக் கணக்கில் அடர்ந்து நிற்றலின், அது பின்னுள்ள மீன்களின் ஒளியை மறைக்கின்றது. பால்வீதியின் கரிய இடைவெளிகள் மீனற்ற இடங்கள் அல்ல, திரையிட்ட இடங்களே.

இத்திரையை எண்ணாமையால் நேர்ந்த பிழை சிறிதன்று. ஹாலந்து நாட்டு வானநூலறிஞர் கப்டைன் விண்மீன்களை எண்ணிக் கணித்து, நம் கதிரவன் பால்வீதியின் நடுவணுக்கு அண்மையில் உள்ளதென 1922-ஆம் ஆண்டில் முடிவு கூறினார். 1930-இல் டிரம்ப்ளர் என்பவர் மீன் கூட்டங்களை ஆராய்ந்து, இடைவெளித் தூசி ஒளியைக் குன்றச் செய்தலை ஐயமின்றி நிறுவினார். நடுவண் நமக்கு ஏறத்தாழ 26,000 ஒளியாண்டுத் தொலைவில் உளதென்பது இன்று தெளிவு. ஆகவே, தூசியைக் கணக்கிற் கொள்ளாதார் தாம் நிற்கும் இடத்தையே பிழைபட உணர்ந்தனர் என்க.

ஒளியை மறைக்கும் ஒன்றை எவ்வாறு காண்பது? கரிசற் காட்டில் வாழ்வார்க்கு இது கடினமன்று. பகலெல்லாம் வெயிலை உண்ட மண்சுவர் இரவில் கண்ணுக்குத் தெரியாது. ஆயினும், அருகிற் சென்றால் அதன் வெம்மை உடலிற் படும். அங்ஙனமே, விண்மீனொளியை உண்ட தூசி அதனை வெப்பக் கதிராக வெளியிடுகின்றது. சிவப்பு நிறத்திற்கு அப்பாலுள்ள இவ்வகச்சிவப்புக் கதிரை 1800-ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் வெப்பமானியைக் கொண்டு கண்டறிந்தார். பரந்து கிடக்கும் தூசியின் வெப்பநிலை சுழிக்குக் கீழ் 250 பாகையினும் தாழ்ந்தது. ஆதலின், அதன் கதிர் மில்லிமீட்டரிற் பத்திலொரு பங்கு அலைநீளத்தை ஒட்டியே மிகுதியாக வரும்.

இக்கதிரைத் தரையிலிருந்து காண இயலாமைக்கு இரு காரணங்கள் உள. நமக்கு மழை தரும் நீராவியே அதனைப் பெரிதும் விழுங்கிவிடுகின்றது. அன்றியும், காற்றும் தொலைநோக்கியும் தாமே வெப்பக் கதிரை வீசுதலால், அவற்றினூடே தூசியைத் தேடுதல் பட்டப்பகலில் மின்மினியைத் தேடுவதை ஒக்கும். எனவே, 1983-இல் அமெரிக்கா, ஹாலந்து, பிரிட்டன் ஆகிய நாடுகள் ஐராஸ் என்னும் செயற்கைக்கோளை அனுப்பித் திரவ ஹீலியத்தாற் குளிர்வித்த கருவியால் வானை நோக்கின. கீற்று முகில் போன்ற தூசிப்படலம் வானெங்கும் விரிந்து கிடத்தலை அது காட்டிற்று.

நம் நாட்டினர் மேற்கொண்ட வழி வேறு. டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தார் ஒரு மீட்டர் ஆடியுடைய தொலைநோக்கியைப் பெரியதொரு பலூனிற் கட்டி, ஹைதராபாத்திலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உயரத்திற்கு ஏற்றினர். அவ்வுயரத்தில் நீராவி மிக அரிது. பலூனை ஏந்துவது ஹைட்ரஜன். வான்முகிலில் மிக்கிருப்பதும் அதுவே! தூசி நோக்கத்திற்கு மட்டுமன்றி, ஜப்பானியர் அளித்த நிறமாலைக் கருவியால் வாயு நோக்கத்திற்கும் அத்தொலைநோக்கி பயன்பட்டது. மார்கழி இரவில் எழும் திருவாதிரை மீனுக்குத் தெற்கே, ஒரே வரிசையில் நிற்கும் மூன்று மீன்களை யாவரும் அறிவர். அவற்றின் கீழே, ஏறத்தாழ 1,300 ஒளியாண்டுக்கு அப்பால், ஓரியன் முகில் உளது. மின்னூட்டம் பெற்ற கரிம அணுக்கள் 158 மைக்ரான் அலைநீளத்தில் வெளியிடும் கதிரை அம்முகிலிற் பரக்க அளந்து வரைந்து, அறிஞர் 2003-இல் வெளியிட்டனர்.

அக்கதிரால் விளையும் பயன் யாதெனின், அது வாயுவின் வெம்மையை வெளியேற்றுகின்றது. வாயு குளிர்ந்தால்தான் தன் ஈர்ப்பாற் சுருங்கும். சுருங்கினால்தான் புதிய மீன் பிறக்கும். தூசியும் புற ஊதாக் கதிரைத் தடுத்து அக்கருவைக் காக்கின்றது. அணுக்கள் கூடி ஹைட்ரஜன் மூலக்கூறாகும் களமாகவும் அமைகின்றது. நம் கதிரவனும், நாம் நிற்கும் நிலமும் இத்தகையதொரு முகிலினின்றே தோன்றின. ஆகவே, இருட்டெனக் கண்ட இடம் உண்மையில் விண்மீன்களின் தொட்டிலாகும்.

சென்ற விடுமுறையில் என் ஆச்சியிடம் இவற்றைக் கூறினேன். சிறிது நேரம் வானத்தை நோக்கியிருந்தவர், "அப்படியானால் நம் வீட்டுச் சுவர்ச் சூடு மாதிரியா?" என்றார். ஆம் என்றேன். அன்பர்காள்! கண்ணுக்குப் புலனாகாமையைக் கொண்டு ஒன்றை இல்லையெனத் துணியாது, அதனை அறிதற்கு ஏற்ற கருவி யாதென வினவுதலே கல்விக்கு அழகாகும்.