கத்தி வைக்காத ஆபரேஷனும் மூன்று மாதக் கணக்கும்

என் ஓரகத்திக்கு இரண்டாவது பிரசவமும் வயிற்றைக் கிழித்துத்தான் ஆனது. குழந்தை எடை குறைவு என்பதால், அப்போதே கருத்தடை செய்துவிட யாருக்கும் மனசு வரவில்லை. ஆறு மாதம் கழித்தும் அவளுக்கு ரத்தம் ஊறவில்லை. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. டாக்டரம்மா என் கொழுந்தனாரைப் பார்த்து, "இவளை மறுபடி மேஜையில் படுக்க வைப்பானேன்? நீங்க செஞ்சுக்குங்களேன்" என்றார்.

வந்ததே சண்டை! "கட்டிங் டேபிள்ல நாளெல்லாம் நிக்கறவன், கண்ணு. அவனுக்குப் போயி கத்தி வெச்சா தெம்பு போயிராதா?" என்றார் அத்தை.

அத்தையை மட்டும் குறை சொல்வானேன்? 1976-77ல், அவசரநிலைக் காலத்தில், நாடு முழுக்க அறுபது லட்சத்துக்கும் மேலான ஆண்களுக்கு இதைச் செய்தார்கள். பல ஊர்களில் பலவந்தமாகவே. அந்தப் பயம் இன்னும் தெளியவில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வைப் பாருங்கள்: கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்ட மனைவிமார் நூற்றுக்கு 38 பேர், கணவன் செய்துகொண்ட குடும்பங்களோ ஆயிரத்துக்கு மூன்றுதான். எனக்குக் கோபம்தான் வந்தது.

இப்போது கத்தியே வைப்பதில்லை. 1974ல் சீனாவில் லி ஷுன்சியாங் என்ற டாக்டர் கண்டுபிடித்த முறை இது. விதைப்பைத் தோலை மரக்க வைத்து, கூரான சின்ன இடுக்கியால் ஒரே ஒரு துளை போடுகிறார்கள். அதன் வழியாக விந்துக்குழாயை எடுத்து, வெட்டிக் கட்டி உள்ளே விட்டுவிடுகிறார்கள். தையல் கிடையாது. பழைய முறையைவிட ரத்தக்கசிவும் சீழ் பிடிப்பதும் குறைவு. ஆண்மைக்கான சுரப்பு நேராக ரத்தத்தில் கலப்பதால் அது குறைவதில்லை, தெம்பும் போவதில்லை. ஆனால் வேண்டாம் என்று முடிவாகத் தீர்மானித்தவர்களே செய்துகொள்ள வேண்டும். திரும்ப இணைப்பது எல்லாருக்கும் பலிப்பதில்லை.

கொழுந்தனார் சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார். இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. செவ்வாய்க்கிழமை கம்பெனிக்குப் போய்விட்டார். துணி ரோலைத் தூக்க மட்டும் ஒரு வாரம் விடவில்லை.

சகோதரிகளே, சூட்சுமம் இதற்குப் பிறகுதான் இருக்கிறது. ஏற்கெனவே குழாயில் தங்கிய உயிரணுக்கள் தீர மூன்று மாதமாகும். அதுவரை ஆணுறையோ வேறு வழியோ கட்டாயம் வேண்டும். எங்கள் வீதியில் ஒருத்தர் இது தெரியாமல் இருந்துவிட்டார். இரண்டாம் மாதமே மனைவிக்கு நாள் தள்ளிப் போயிற்று. அந்தப் பெண்ணை ஊர் பேசிய பேச்சை எழுதக் கை கூசுகிறது. தவறு கணக்கில், பழி அவள் தலையில்.

அதனால் நானே காலண்டரில் வட்டம் போட்டு வைத்தேன். மூன்றாம் மாதம் விந்துப் பரிசோதனையில் உயிரணு இல்லை என்று சீட்டு வந்த பிறகுதான் ஓரகத்தி நிம்மதியாகத் தூங்கினாள். அத்தை அந்தச் சீட்டை வாங்கி, ஒன்றும் பேசாமல், ரேஷன் கார்டுக்குள் மடித்து வைத்தார்.

ஆண்டுதோறும் நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை இதற்கென்றே இருவார முகாம் நடத்துகிறார்கள். மற்ற நாளிலும் அரசு ஆஸ்பத்திரியில் விசாரிக்கலாம். அவரோடு நீங்களும் போய், மூன்று மாதக் கணக்கை உங்கள் காதாலேயே கேட்டு வாருங்கள்.