தாத்தா பாட்டி சொல்லும் ஊரும் மரபணுச் சோதனை தரும் விழுக்காடும்

சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக்கில் மறுவிற்பனை வீடு வாங்கப் போகும் தமிழ்க் குடும்பம் முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு எண்கள். இன ஒருங்கிணைப்புக் கொள்கையின்படி ‘இந்தியர், இதர இனத்தார்’ என்ற பிரிவினர் ஒரு வட்டாரத்தில் 12 விழுக்காட்டையும் ஒரு புளோக்கில் 15 விழுக்காட்டையும் தாண்டக்கூடாது. 1989இல் வந்த கொள்கை இது. விழுக்காடுகள் 2010இல் திருத்தப்பட்டவை. யாழ்ப்பாணத்திலிருந்து மலாயா ரயில்வேக்கு வந்தவரின் பேரன், கடையநல்லூர் முஸ்லிம் குடும்பத்துப் பெண், சீக்கியர், மலையாளி எல்லாரும் அங்கே ஒரே பெட்டிக்குள்தான். அந்தப் பெட்டியை உயிரியல் என்று யாரும் நினைப்பதில்லை. வீட்டு நிர்வாகத்துக்காக அரசு வகுத்த பிரிவு என்பது எல்லாருக்கும் தெரியும்.

ஆனால் அதே வீட்டில் ஒருவர் குழாயில் உமிழ்நீரைச் சேகரித்து வெளிநாட்டு நிறுவனத்துக்கு அனுப்பி, ‘தென்னிந்தியர், இலங்கையர்’ என்று தசமப் புள்ளியோடு ஒரு விழுக்காடு திரும்பி வந்தால், அதை இயற்கையே எழுதிக் கொடுத்த சான்றிதழாக எடுத்துக்கொள்கிறோம். இந்தப் பெட்டியையும் மனிதர்கள்தான் செய்தார்கள். எப்படிச் செய்தார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அந்த எண்ணை நம்பக்கூடாது.

மனித டிஎன்ஏவில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். இந்தச் சோதனைகள் அவற்றை முழுவதும் படிப்பதில்லை. ஆளுக்கு ஆள் மாறக்கூடிய ஆறேழு இலட்சம் இடங்களை மட்டும் ஒரு சில்லு படிக்கிறது. அதில் ‘தமிழ்’ என்றோ ‘பஞ்சாப்’ என்றோ எங்கும் எழுதியிருக்காது. கணினி உங்கள் டிஎன்ஏவைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டும் தன் கைவசமுள்ள ஒப்பீட்டுத் தொகுப்பில் யாருடைய துண்டை அதிகம் ஒத்திருக்கிறது என்று பார்க்கிறது. பிறகு எல்லாவற்றையும் கூட்டி விழுக்காடாக்குகிறது. ஆக, விடை முழுக்க முழுக்க அந்தத் தொகுப்பில் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது.

தொகுப்பில் ஒருவரை எப்படிச் சேர்க்கிறார்கள்? அவரிடம் ஒரு கேள்வி கேட்கிறார்கள்: உங்கள் தாத்தா பாட்டி நால்வரும் எங்கே பிறந்தார்கள்? நால்வரும் ஒரே நாட்டைச் சேர்ந்தவர்கள் என்றால் அவர் அந்த நாட்டுக்கு மாதிரி ஆகிறார். இத்தனை நுட்பமான இயந்திரத்துக்கு அடியில் இருப்பது குடும்பத்தில் வாய்வழி வந்த ஒரு பதில்தான். சிங்கப்பூர்த் தமிழருக்கு இந்தக் கேள்வியே இடிக்கிறது. மூன்றாம், நான்காம் தலைமுறையாக இங்கே இருக்கும் பலருக்குத் தாத்தா பிறந்தது பினாங்கிலோ சிரம்பானிலோ இருக்கும். பாட்டி பிறந்தது சிராங்கூன் சாலைப் பக்கமாக இருக்கும். விதியை அப்படியே பொருத்தினால் அவர்கள் தமிழ்நாட்டுக்கும் மாதிரி ஆகமாட்டார்கள், இலங்கைக்கும் ஆகமாட்டார்கள்.

‘23அண்ட்மீ’ நிறுவனம் தெற்காசியாவை முதன்முதலில் நுணுக்கமாகப் பிரித்தபோது வைத்த பெயர்களைப் பாருங்கள். ‘வட இந்தியர், பாகிஸ்தானியர்’, ‘தென்னிந்தியர், இலங்கையர்’ என்பன நிலப்பகுதிகள். அதே பட்டியலில் ‘குஜராத்தி பட்டிதார்’ என்று ஒரு சாதி. ‘மலையாளி உட்குழு’ என்று ஒரு மொழியினர். ‘தென்னிந்திய உட்குழு’ என்று, யாரென்றே சொல்லாத ஒரு கூட்டம். நிலம், சாதி, மொழி மூன்றும் ஒரே வரிசையில் வந்து நிற்கின்றன. தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே மணம் செய்துகொண்ட சமூகத்தின் டிஎன்ஏ கணினிக்குத் தனியாகத் தெரியும். அவர்களில் ஏராளமானோர் அமெரிக்காவில் வாடிக்கையாளர்களாகவும் இருந்தால், அவர்களுக்குத் தனிப் பெட்டி கிடைப்பது எளிது. பட்டிதார்களுக்குக் கிடைத்தது அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

உலக ஆய்வாளர்கள் பொதுவாகப் பயன்படுத்தும் தொகுப்பிலும் இதே நிலைதான். 2015இல் நிறைவு பெற்ற ஆயிரம் மரபணுத் தொகுதித் திட்டத்தில் தெற்காசியர் 489 பேர். அவர்களில் தமிழர் என்ற பெயரில் இருப்பவர்கள் 102 பேர், அனைவரும் பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர். தெலுங்கரும் பிரிட்டனில் திரட்டப்பட்டவர்கள். குஜராத்திகள் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தவர். மதுரைக்கோ தஞ்சாவூருக்கோ அந்தத் தொகுப்பில் தனி மாதிரி இல்லை.

இதைவிட ஆழமான சிக்கல் நம் சமூக வரலாற்றில் இருக்கிறது. ஹைதராபாத்தின் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த லால்ஜி சிங்கும் தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக் குழுவோடு சேர்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வு, இன்றைய இந்தியர் பெரும்பாலோர் இரு பழங்கால மக்கள்திரள்களின் கலப்பு என்று காட்டியது. ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கும் 1,900 ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் இந்தக் கலப்பு பரவலாக நடந்தது என்று 2013இல் வந்த தொடர் ஆய்வு கணித்தது. பின்னர் அகமணம் இறுகியது. விளைவாக, ஒரே ஊரில் அடுத்தடுத்த தெருவில் வாழும் இரு சமூகங்களுக்கு இடையே ஐரோப்பாவின் இரு நாட்டு மக்களுக்கு இடையே உள்ளதைவிடக் கூடுதல் மரபணு வேறுபாடு இருக்கலாம். நிலப்படத்தில் கோடு போட்டு ‘தென்னிந்தியா’ என்று வண்ணம் தீட்டினால் இந்த வேறுபாடு மறைந்துபோகும். மறையும் விஷயம் உயிர் காக்கும் விஷயமாகவும் இருக்கக்கூடும். ஆந்திராவின் வைசியர் சமூகத்தில், அறுவைச் சிகிச்சையில் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் மருந்தை உடல் எளிதில் சிதைக்க முடியாத மரபுக் குறை மற்றவர்களைவிட ஏறத்தாழ நூறு மடங்கு அதிகம். 2017இல் வெளியான ஆய்வில் பார்க்கப்பட்ட 263 தெற்காசியக் குழுக்களில் 81 குழுக்கள், பரம்பரை நோய் ஆய்வுக்குப் பெயர்போன பின்லாந்து மக்களைவிடக் குறுகிய மூதாதையர் வட்டத்திலிருந்து வந்தவை.

இதற்காகச் சாதியை மரபணுவில் தேடச் சொல்லவில்லை. அது ஆபத்தான வழி; மருத்துவருக்குத் தேவைப்படும் தகவலை சாதிப் பெருமையாக்கிவிடக் கூடாது.

மாதிரிகளைத் திரட்டுவதில் சிங்கப்பூர் நல்ல வேலை செய்திருக்கிறது. 2009இல் இங்கு வெளியான மரபணு வேறுபாட்டு ஆய்வில் இந்தியர் 83 பேர்தான். 2019இல் 4,810 பேரின் முழு மரபணுத் தொகுதியும் படிக்கப்பட்டபோது அவர்களில் 1,127 பேர் இந்தியர். கண்டறியப்பட்ட வேறுபாடுகளில் பாதிக்கும் மேல் அதுவரை பதிவாகாதவை. பெரனாக்கான் சீனரை ஆராய்ந்த இன்னொரு ஆய்வு, அவர்களிடம் சராசரியாக 5.6 விழுக்காடு மலாய்ப் பூர்வீகம் இருப்பதைக் கண்டது. அடையாள அட்டையின் ‘சீனர்’ என்ற சொல்லில் இது தெரியாது. அதே கூர்மையோடு மலாக்கா செட்டிகளையும் தமிழருக்குள் உள்ள பல கிளைகளையும் பார்க்க வேண்டும்.

விற்பனைக்கு வரும் சோதனைகளின் தசமப் புள்ளிக்கு எவ்வளவு மதிப்பு? 2019இல் கனடாவின் சிபிசி தொலைக்காட்சி, ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டைச் சகோதரியரின் மாதிரிகளை ஐந்து நிறுவனங்களுக்கு அனுப்பியது. நிறுவனத்துக்கு நிறுவனம் விடை மாறியது. ஒரே நிறுவனத்திடமிருந்து சகோதரியர் இருவருக்கும் வெவ்வேறு விழுக்காடும் வந்தது. ‘ஆன்செஸ்ட்ரி’ நிறுவனம் 2018இல் தன் ஒப்பீட்டு மாதிரிகளை 3,000இலிருந்து 16,000ஆக உயர்த்தியபோது பழைய வாடிக்கையாளர் பலரின் பூர்வீகம் ஒரே நாளில் மாறிப்போனது. நெருங்கிய உறவினரைக் கண்டுபிடிப்பதில் இச்சோதனைகள் நம்பகமானவை. இனப் பெயருக்கு எதிரே இருக்கும் விழுக்காடு ஒரு மதிப்பீடு மட்டுமே. 23அண்ட்மீ 2025 மார்ச்சில் திவாலா நடவடிக்கைக்குப் போனபோது சுமார் ஒன்றரைக் கோடிப் பேரின் தரவு யார் கைக்குப் போகும் என்ற கேள்வி எழுந்ததையும் மறக்க வேண்டாம்.

குழாயை வாங்க நினைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் உட்காருங்கள். நான்கு தாத்தா பாட்டியரின் பெயர், பிறந்த ஊர், அவர்களுடைய பெற்றோர் எந்தத் துறைமுகத்தில் கப்பல் ஏறினார்கள், எந்தத் தோட்டத்துக்கோ கடைக்கோ வந்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். பழைய கடப்பிதழ், பிறப்புச் சான்றிதழ் இருந்தால் படமெடுத்து வையுங்கள். எந்தச் சோதனைக்கூடத்திலும் இந்தத் தகவல் கிடைக்காது. சோதனை செய்பவர்களே நம்மிடம்தான் கேட்பார்கள்.