உறையுள் அமைப்பும் ஒப்பனையும்

மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாதன உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றுமாம். இவற்றுள் உணவு ஒரு வேளைக்கும் உடை ஓரிரண்டு ஆண்டுகட்கும் உதவுவன. உறையுளோ ஒரு தலைமுறைக்கும் அதன்பின் வருவார்க்கும் உதவுவது. உணவிற் பிழை நேரின் மறுவேளை திருத்திக்கொள்ளலாம். கட்டிய சுவரிற் பிழை நேரின் அதனோடு ஆயுள் முழுவதும் வாழ்தல் வேண்டும். ஆகலின், வீட்டின் அறைகளை வகுக்குமிடத்தும் அவற்றை அழகு செய்யுமிடத்தும் கருதத்தக்கன யாவை என்பதனை ஈண்டு ஆராய்வாம். ஏனை அறைகளைப்பற்றிச் சில கூறிப் பின், பலரும் கடைசியாக எண்ணும் குளியலறையைப்பற்றிச் சற்று விரித்துரைப்பாம். ஓர் அறையின் அழகு, அதனுட் புழங்குவாரை எண்ணி அமைத்தலினின்றே பிறக்கின்றது என்பது நாம் கொண்ட துணிபு.

பண்டைத் தமிழர் மனை வகுத்தலை ஒரு கலையாகவே போற்றினர். பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய நெடுநல்வாடை, நூலறிவுடையார் நண்பகற்பொழுதில் இரு கோல்களை நட்டு, அவற்றின் நிழலாற் றிசையறிந்து, நூலிட்டு அளந்து அரண்மனை வகுத்த முறையைக் கூறுகின்றது. வேனிலில் தென்றலை உள்ளே விடுதற்கு அமைந்த பள்ளியறைச் சாளரங்கள் வாடைக் காலத்தில் இறுக மூடப்பட்டுக் கிடந்தமையும் அப்பாட்டிலேயே சொல்லப்படுகின்றது. திசையறிந்து கட்டுதலின் பயன் வெயிலும் காற்றும் அறிந்து கட்டுதலே என்பது இதனால் விளங்கும். சாளரத்திற்குக் ‘காலதர்’ என்றொரு பெயர் சிலப்பதிகாரத்தில் வழங்குகின்றது. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்று வரும் வழியே சாளரம் என்னும் இலக்கணம் அச்சொல்லிலேயே அடங்கிக் கிடத்தல் காண்க. கண்ணாடியிட்டுத் திரையுந் தொங்கவிட்டு, ஆண்டு முழுவதும் திறவாது வைத்திருக்கும் சாளரத்தை அப்பெயரால் அழைத்தல் தகுமோ?

நம் பழைய வீடுகளில் திண்ணை, நடை, முற்றம், கூடம், அடுக்களை, கொல்லை என ஒன்றன்பின் ஒன்றாக அமைந்த ஒழுங்கு யாவரும் அறிந்ததே. முற்றத்தின் வழியாக வெப்பக் காற்று மேலெழும். அவ்விடத்தை நிரப்பக் குளிர்ந்த காற்று நடைவழியே உட்புகும். விசிறியில்லாக் காலத்தும் கூடத்தில் உறங்க இயன்றது இதனாலேயாம். இற்றை நாளில் நகரங்களில் மனையின் பரப்புச் சுருங்கிவிட்டது, முற்றத்திற்கு இடமில்லை. ஆயினும், ஓரறையின் இரு வேறு சுவர்களிற் சாளரம் வைத்தால், ஒன்றின் வழியே புகுந்த காற்று மற்றொன்றின் வழியே வெளியேறும். ஒரு சுவரில் மட்டும் பெரிய சாளரம் வைத்தலினும் இது பெரிதும் நன்று. இந்திய நாட்டின் தேசியக் கட்டிட நெறிமுறை, வசித்தற்குரிய அறை ஒன்றே உள்ளவிடத்து அது 9.5 சதுர மீட்டருக்குக் குறையலாகாது என்றும், அதன் அகலம் 2.4 மீட்டருக்குக் குறையலாகாது என்றும் வரையறுத்துள்ளது. இஃது இதனினும் குறைதல் கூடாது என்னும் எல்லையாம். இவ்வளவு போதும் என்று எவரும் அமைதல் வேண்டா.

இனி, ஒப்பனையைப்பற்றிச் சிறிது கூறுவாம். ஒப்பனையின் முதற்படி வேண்டாதவற்றை நீக்குதலாம். நம்மவர் வரவேற்பறைகளிற் சென்ற மூன்றாண்டு நாட்காட்டிகளும், வேதவசனப் பலகைகளும், குடும்பப் படங்களும், பரிசுக் கோப்பைகளும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு நிற்கும். பத்து வசனங்களைச் சுவரில் மாட்டி ஒன்றையும் படியாதிருத்தலினும், ஒன்றனை மாட்டி நாடோறும் படித்தல் நலமன்றோ? சுவருக்கு வெண்மையோ வேறு மெல்லிய நிறமோ பூசினால், சிறிய சாளரத்தின் ஒளியும் அறை முழுவதும் பரவும். படிக்கும் மேசையை, வலக்கையால் எழுதுவார்க்கு ஒளி இடப்பக்கத்தினின்றும் விழுமாறு இடுதல் வேண்டும். இன்றேற் கையின் நிழலே எழுத்தை மறைக்கும். தரைக்கு அயல்நாட்டுப் பளிங்கே வேண்டுமென்பதில்லை. செட்டிநாட்டு ஆத்தங்குடியிற் கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக் கலவையை வார்த்து, மணலும் சிமெண்டும் இட்டு, நீரில் ஊறவைத்துக் கையாலேயே செய்யப்படும் பூங்கற்கள் உலகம் போற்றும் அழகுடையன. நாளாக நாளாக, நடக்கும் காலடிகளாலேயே அவை மெருகேறும்.

இனிக் குளியலறைக்கு வருவாம். வீட்டினுள் நீராடுதற்கென ஓரிடம் வகுத்தல் இப்பெருநிலத்திற்குப் புதியதன்று. 1925, 1926-ஆம் ஆண்டுகளில் மொகஞ்சதாரோவில் அகழ்ந்து கண்ட பெருங்குளம் ஏறத்தாழ 12 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் ஆழமும் உடையது. அதனினும் வியத்தற்குரியன ஆண்டு மக்கள் வாழ்ந்த வீடுகள். அவற்றுட் பலவற்றில் செங்கல் பாவிய தனிக் குளியலறை இருந்தது. அதன் தரை ஒரு மூலையை நோக்கிச் சரிந்து, நீரைத் தெருவிலுள்ள மூடிய கால்வாயிற் சேர்த்தது. நாலாயிரம் ஆண்டுகட்கு முன்னர்க் கொத்தர் அறிந்திருந்த இச்சரிவை, இன்றும் நம் கொத்தனார் ‘வாட்டம்’ என்பர்.

தமிழ்நாட்டில் ஆறும் குளமும் கிணற்றடியும் நீராடுமிடங்களாய் இருந்தமையின், குளியலறை நெடுங்காலம் வீட்டின் புறத்தேயே நின்றது. அதனால் ஆடவர்க்குக் குறையொன்றுமில்லை. பெண்டிரோ விடியுமுன் இருளில் எழுந்து அஞ்சியஞ்சி நீராட வேண்டியவராயினர். நனைந்த உடையோடே வீடு திரும்பினர். அவர்க்குத் தாழிட்டுக்கொள்ளத்தக்க நான்கு சுவர்கள் இன்பப் பொருளல்ல; மானத்திற்கு உரிய காவலாம். அங்ஙனமாயினும், நாம் அதனை வீட்டினுட் கொணர்ந்தபோது மாடிப்படியின் அடியிலும், பிற அறைகட்கு ஒதுக்கி மிஞ்சிய இருள் மூலையிலுமே இடங்கொடுத்தோம். மேற்குறித்த நெறிமுறை தனிக் குளியலறைக்கு 1.8 சதுர மீட்டரும், கழிப்பிடமும் உடனமைந்ததற்கு 2.8 சதுர மீட்டரும் குறைந்த அளவாகக் கூறுகின்றது. வரைபடம் எழுதும்போதே இவ்விடத்தை வெளிச்சுவரை ஒட்டி ஒதுக்குதல் வேண்டும்.

குளியலறை நன்கு தொழிற்படுதற்கு வேண்டுவன மூன்று. முதலாவது, வாட்டம். ஐந்தடிக்கு ஓரங்குலமேனும் தரை சரிந்திருப்பின் நீர் தேங்காது. தேங்கினாற் பாசி படரும், கால் வழுக்கும். இரண்டாவது, நீரடைப்பு. கழிவுக்குழாய் வளைந்திருத்தலின் அவ்வளைவில் எப்பொழுதும் சிறிது நீர் நிற்கும்; அந்நீரே சாக்கடையின் நாற்றமும் நச்சுக்காற்றும் வீட்டினுள் ஏறாவண்ணம் தடுக்கும் கதவாகும். 1775-ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் கம்மிங் என்பார் இவ்வளைவைக் கழிப்பிடத் தொட்டியோடு இணைத்து உரிமை பெற்றார். நெடுநாட் புழங்காத குளியலறை நாறுவது, அவ்வளைவின் நீர் வற்றிவிடுதலாலாம். ஒரு வாளி நீர் ஊற்றின் நாற்றம் ஒழியும். மூன்றாவது, காற்று. ஈரத்தைப் போக்குதற்கே அன்றி உயிரைக் காத்தற்கும் அது வேண்டும். எரிவாயுவால் நீரைச் சூடாக்கும் கருவியைக் காற்றோட்டமில்லாக் குளியலறையில் வைப்பின், நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு அங்கே நிறையும். குளிப்பவர் அதனை அறியாமலே மயங்கி மாள்வர். ஆகலின் அக்கருவியை வெளியே வைத்தலே தக்கது. மின்கருவியாயின், நிலத்தொடர்புக் கம்பியும், மின்கசிவு நேர்ந்தவுடன் மின்னோட்டத்தை அறுக்கும் பொறியும் இன்றி அதனைப் பொருத்தலாகாது.

ஈண்டு, விவிலிய நூலிற் கூறப்பட்டதோர் விதி நம் நினைவிற்கு வருகின்றது. உபாகமத்தின் 22-ஆம் அதிகாரத்தில், புதுவீடு கட்டுவோன் அதன் மேல்தளத்தைச் சூழக் கைப்பிடிச்சுவர் அமைத்தல் வேண்டும் என்று கட்டளையிடப்பட்டுள்ளது. அமையாதவிடத்து ஒருவன் தவறி விழுந்திறப்பின், அப்பழி அவ்வீட்டைச் சாரும் என்பது அதன் கருத்து. வீட்டைப்பற்றிய விதியொன்று, விழக்கூடியவனை முன்னரே எண்ணிப் பார்க்கச் சொல்லும் விதியாய் அமைந்தது எத்துணைச் சிறப்புடைத்து! இற்றை நாளில் நம் வீடுகளிற் பலர் வழுக்கி விழும் இடம் குளியலறையே. அவ்வாறு விழுவாருள்ளும் மிகுதியாக நைவோர் நம்மைப் பெற்று வளர்த்த முதியோர். இடுப்பெலும்பு முறிந்த மூதாட்டி மீண்டும் பழையபடி நடத்தல் அரிது.

இக்கைப்பிடிச்சுவர் விதியைக் குளியலறைக்குப் பொருத்திப் பார்ப்பாம். தரைக்கு மினுமினுக்கும் டைல்கள் ஆகா; சொரசொரப்புடையனவே வேண்டும். மினுமினுப்பைச் சுவரோடு நிறுத்துக. கழிப்பிடத்தருகிலும் நீராடுமிடத்தும் கைப்பிடிக் கம்பியைச் சுவரில் ஆழப் பதித்தல் வேண்டும். துணி போடும் மெல்லிய கம்பி ஓராளின் எடையைத் தாங்காது. கதவு வெளிப்புறமாகத் திறத்தல் நன்று. என்னையெனின், உள்ளே ஒருவர் விழுந்து கிடப்பின், உட்புறம் திறக்கும் கதவை அவர் உடம்பே தடுத்துவிடும். தாழும் வெளியினின்று திறக்கத்தக்கதாய் இருத்தல் வேண்டும். இரவில் எழுவார்க்கு எட்டுமிடத்தில் விளக்கின் விசையிருத்தல் வேண்டும். இவையெல்லாம் செல்வர்க்கே உரியன என்பார் உளர். வாட்டம் விடுதற்குக் கூலி மிகுவதில்லை. கதவை வெளிப்புறம் திருப்புதற்குப் பொருட்செலவில்லை. முன்னரே எண்ணுதல் ஒன்றே வேண்டுவது.

இன்னும் ஒருவரை நாம் எண்ணுதல் வேண்டும். அவர் நம் வீட்டினுள் அழைக்கப்படாதவர். நம் வரைபடத்தில் அவர்க்கு இடமில்லை. கழிவுநீர்த் தொட்டி நிறையுங்கால் நாம் தேடிச் செல்லும் தொழிலாளியே அவர். தொட்டியின் மேல் அறை கட்டியும், வண்டியின் குழாய் எட்டாத கொல்லை மூலையில் தொட்டியைப் புதைத்தும், திறக்கும் வாயைச் சிமெண்டிட்டு மூடியும் வைத்தால், இறுதியில் ஒரு மனிதனே அதனுள் இறக்கப்படுகின்றான். தொட்டியினுள் விளையும் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் காற்று மிகுந்துழி மூக்கின் உணர்வையே முதலிற் கெடுத்துவிடும். நாற்றமில்லை என்று நம்பி இறங்குவான் சிலபொழுதிற்குள் உயிரிழப்பான். அவனைத் தூக்க இறங்கும் தோழனும் உடன்மாள்வதுண்டு. உலர் கழிப்பிடங்களை விலக்கி 1993-ஆம் ஆண்டிலும், மனிதரைக் கொண்டு மலமகற்றுதலையும் காப்பின்றித் தொட்டியுள் இறக்குதலையும் விலக்கி 2013-ஆம் ஆண்டிலும் நம் நாட்டிற் சட்டங்கள் இயற்றப்பட்டன. சாக்கடையில் இறந்தார் குடும்பத்திற்குரிய இழப்பீட்டை 2023-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் 30 இலட்ச ரூபாயாக உயர்த்தியது. சட்டம் இருந்தும் சாவு ஒழிந்தபாடில்லை. அச்சாவிற்கு வழி, வீட்டு வரைபடத்திலேயே தொடங்குதலும் உண்டு. தொட்டியைத் தெருப்பக்கமாக அமைத்து, எளிதிற் றிறக்கும் மூடியிட்டு, இரண்டு மூன்று ஆண்டுகட்கு ஒருமுறை உறிஞ்சு வண்டியால் அகற்றுவித்தலே நாம் அவர்க்கு எழுப்பும் கைப்பிடிச்சுவராகும். இப்பணி ஒரு குலத்தார் தலையிலேயே வழிவழியாக ஏற்றப்பட்டு வந்ததை எண்ணுங்கால், இது வசதியைப்பற்றிய பேச்சன்று, நீதியைப்பற்றிய பேச்சே என்பது தெளிவாம்.

இவையனைத்தும் அமைந்தபின் ஒப்பனை எளிதாம். சாளரத்தின் ஒளி முகத்தில் விழுமாறு ஒரு கண்ணாடி, துணிகட்கு நான்கு கொக்கி, சோப்பிற்கும் எண்ணெய்க்கும் கைக்கெட்டும் ஒரு மாடம், வெளிர்நிறச் சுவர், இடமிருப்பின் சாளரத்தருகே ஒரு சிறு செடி. இவ்வளவே போதும். நறுமணப் புட்டிகளால் நாற்றத்தை மறைத்தலும், வண்ணக் கற்களால் ஈரத்தை மறைத்தலும் ஒப்பனையாகா.

நம்மில் இன்று பயில்வார் பலர் நாளை வீடு கட்டுவர். சிலர் பொறியாளராய்ப் பிறர்க்கு வீடு வகுப்பர். அன்று, தெருவிற் செல்வார் காணும் முகப்பிற்கு முதலிடமும், முதியோரும் பெண்டிரும் புழங்கும் மூலைக்குக் கடையிடமும் கொடாதிருப்போமாக. காற்று வரும் வழியைத் திறந்து, நீர் போகும் வழியைச் சரித்து, விழக்கூடியவர்க்குக் கைப்பிடி அமைத்து, நம் அழுக்கை அகற்றுவாரின் உயிரையும் எண்ணி, பழியொன்றும் சாராத வீடுகளைக் கட்டுவோமாக.