காமிரா எங்கே இருக்கிறது?

இப்போதுதான் சினிமாவில் கால் வைத்திருக்கிறீர்கள். கதாநாயகி வேஷம் தேடி வருகிறது. ஆனால் ஒரு காட்சியில் ஆடையின்றித் தோன்ற வேண்டுமாம். என்ன பதில் சொல்வீர்கள்?

1932-ல் வியன்னா நகரத்து ஹெட்விக் கீஸ்லருக்கு இந்தச் சோதனை வந்தது. அப்போது அவளுக்குப் 18 வயதுகூட நிரம்பவில்லை. 'எக்ஸ்டஸி' என்ற செக் படம். குளிக்கும்போது அவள் உடையைச் சுமந்துகொண்டு குதிரை ஓடிவிட, பின்னாலேயே அவளும் ஓட வேண்டும். காமிரா தூரத்தில்தானே இருக்கிறது என்று நம்பினாளாம். தூரத்தைக் கிட்டே இழுக்கும் லென்ஸ் ஒன்று உண்டென்பது அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்?

பிறகு அவள் ஹாலிவுட்டில் ஹெடி லமார் ஆனாள். 1942-ல் ரகசிய ரேடியோ முறைக்குக் கூட்டாகப் பேடண்ட்கூட வாங்கினாள். ஊர் மட்டும் அந்தக் குளியலையே பேசிற்று! அவளுக்கு எல்லாம் முன்பே தெரியும் என்று சொன்னவர்களும் உண்டு. எது நிஜம்? எழுத்தில் இருந்தால் அல்லவா சொல்லலாம்!

இன்று அமெரிக்க நடிகர் சங்க ஒப்பந்தப்படி, இத்தகைய காட்சி உண்டென்பதைத் தேர்வுக்கு வருமுன்பே சொல்லிவிட வேண்டும். சம்மதம் எழுத்தில் வேண்டும். ஷூட்டிங்கில் வேடிக்கை பார்க்க ஆள் நிற்கக் கூடாது. 2018-ல் ஹெச்.பி.ஓ. நிறுவனம் இக்காட்சிகளுக்கென்றே தனி மேற்பார்வையாளரை வைத்தது.

படம் பிடிக்குமுன் மனம் மாறினால் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். ஆனால் ஏற்கெனவே எடுத்தது எடுத்ததுதான். மிச்சத்துக்கு டூப் போட அவர்களுக்கு உரிமை உண்டு. கையெழுத்துப் போடுமுன் இந்த வரியையும் படித்துவிடுங்கள்.