விமானி அறையும் வணிகர் அளவும்

1992இல் அரக்கோணத்தில் ராஜாளி கடற்படை விமானத் தளம் தொடங்கியது முதல், திருவாலங்காட்டு வணிகர்களாகிய நமக்கு விமானச் சத்தம் பழகிவிட்டது. அண்ணாந்து பார்க்கும் பிள்ளைகளுக்கு மாதிரி விமானம் செய்யும் ஆசை வந்தால் வியப்பில்லை. அக்கலையில் கடினமானது, விமானி அமரும் அறையை உள்ளது உள்ளபடி செய்வதாகும்.

பெரிதும் வழங்கும் அளவு, அசலில் 72இல் ஒரு பங்கு. ஆறடி மனிதர் அதில் ஓர் அங்குலம். மாதிரியில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால், அசலில் ஏழு சென்டிமீட்டருக்கு மேல் பிசகு. தராசு பிடிக்கும் நமக்கு இக்கணக்கு எளிதில் விளங்கும்.

பொருள்களோ நாம் கழித்துப் போடுபவைதான். பழைய வயரின் செம்பு இழை குழாய்களாகும். மாத்திரை அட்டையின் வெள்ளித்தாள் இருக்கைப் பட்டையாகும். மெல்லிய பிளாஸ்டிக் தகடு கருவிப் பலகையாகும்.

மிக்-21 போர் விமானம் 1963இல் நம் விமானப் படையில் சேர்ந்து, 2025 செப்டம்பர் 26இல் சண்டிகரில் விடைபெற்றது. அதன் கருவிப் பலகையின் நடுவே, மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடு உண்டு. விமானம் சுழன்று விழும்போது, விமானி கட்டுப்பாட்டுத் தண்டை அக்கோட்டுக்கு நேராகத் தள்ள வேண்டும். தலை சுற்றும் வேளையில் நடு எதுவென்று காட்டும் அடையாளம் அது. மாதிரியில் அது நூலிழை அளவே. தீட்டாமல் விட்டாலும் கேட்பாரில்லை. ஆயினும் விமானியின் உயிர் அதை நம்பியிருந்தது. கேட்பாரில்லாத இடத்திலும் அளவு காப்பதே நாணயம்.

ஆகவே பிள்ளைகள் பழைய அட்டை, வயர் கேட்டு வந்தால், வணிகப் பெருமக்களே, விரட்டாமல் கொடுத்து உதவுவோம். பிளேடும் பசையும் மட்டும் பெரியவர் துணையோடு இருக்கட்டும்.