லேப்டாப் திடீர்னு 48 இலக்க எண் கேட்குதா? விண்டோஸ் பூட்டின் சாவி யாரிடம் இருக்கு தெரியுமா?

லேப்டாப்பை ஆன் செய்தால் வழக்கமான திரைக்குப் பதிலாக நீல நிறத்தில் ஒரு பக்கம் வருகிறது. 'பிட்லாக்கர் ரெக்கவரி கீ'யை டைப் செய்யச் சொல்கிறது. மொத்தம் 48 இலக்கம். பாஸ்வேர்டு, பின் நம்பர் எல்லாம் சரியாக ஞாபகம் இருந்தாலும் உள்ளே போக முடியாது. "இப்படி ஒரு பூட்டை நாம போடவே இல்லையே" என்று குழம்புபவர்கள் பலர்.

உண்மைதான். அதைப் போட்டது விண்டோஸ்.

எப்போ பூட்டியது?

இந்த வசதி ஏற்கெனவே இருந்ததுதான். ஆனால் 2024 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11-ன் 24ஹெச்2 பதிப்பில், இதற்கான வன்பொருள் நிபந்தனைகள் தளர்த்தப்பட்டன. அதனால் புதிதாக விண்டோஸ் நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்தால், இன்னும் அதிகமான மாடல்களில் டிஸ்க் தானாகவே என்க்ரிப்ட் ஆகிவிடுகிறது. ஹோம் பதிப்பில் இதன் பெயர் 'டிவைஸ் என்க்ரிப்ஷன்'.

நல்ல பாதுகாப்புதான், சந்தேகமில்லை. லேப்டாப் திருடு போய், டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும் உங்க போட்டோவையோ வங்கி ஆவணத்தையோ படிக்க முடியாது. தினமும் கீ கேட்காததற்குக் காரணம், மதர்போர்டில் உள்ள டிபிஎம் சிப் தானே பூட்டைத் திறந்துவிடுவதுதான். மதர்போர்டை மாற்றினாலோ, பயாஸ் அப்டேட் செய்தாலோ அந்த சிப்புக்குச் சந்தேகம் வந்துவிடும். அப்போதுதான் கீ கேட்கும்.

நீங்க எதையுமே தொடாமலும் இது நடக்கலாம். 2024 ஜூலையில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு சில கணினிகள் நேராக இந்தத் திரைக்கே போய் நின்றன. அதே மாதம் 19-ம் தேதி கிரவுட்ஸ்ட்ரைக் கோளாறில் சுமார் 85 லட்சம் கணினிகள் முடங்கியபோதும், பிட்லாக்கர் இருந்த கணினிகளை மீட்க இந்தக் கீ தேவைப்பட்டது.

சாவி எங்கே?

தானாக என்க்ரிப்ட் ஆன கணினியின் கீ, உங்க மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்படுகிறது. சிக்கலே இங்குதான். கடையில் யாரோ ஒரு இமெயில் போட்டு செட்டப் செய்து கொடுத்திருப்பார்கள். அதன் பிறகு பின் நம்பர் மட்டும் போட்டே வருடங்கள் ஓடியிருக்கும். அந்தக் கணக்கு ஹேக் ஆனாலோ, மறந்துபோனாலோ கீயும் போச்சு. மைக்ரோசாஃப்ட்டால் புதிதாக ஒரு கீயை உருவாக்கித் தர முடியாது. வேறு எங்கும் கீ இல்லையென்றால் கணினியை ரீசெட் செய்யணும், ஃபைல்கள் அத்தனையும் அழிந்துவிடும்.

இன்னொரு பக்கமும் இருக்கு. கீ அந்த நிறுவனத்தின் சர்வரில் இருப்பதால், சட்டப்படியான உத்தரவு வந்தால் விசாரணை அமைப்புகளிடம் அதை ஒப்படைக்க முடியும். இது பிடிக்காதவர்கள், ப்ரோ பதிப்பில் பிட்லாக்கரைத் தாங்களே அமைத்து, கீயைப் பென்டிரைவிலோ பிரிண்ட் எடுத்தோ வைத்துக்கொள்ளலாம்.

இப்போ என்ன செய்யணும்?

செட்டிங்ஸில் 'பிரைவஸி அண்ட் செக்யூரிட்டி' பகுதிக்குப் போய், 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மொபைல் பிரவுசரில் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, 'டிவைசஸ்' பகுதியில் உள்ள ரெக்கவரி கீயைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். அதே லேப்டாப்பில் சேமித்தால் பூட்டுக்குள்ளேயே சாவியை வைத்த கதைதான்.

கணக்கில் பழைய மொபைல் நம்பர் இருந்தால் உடனே மாற்றுங்கள், இரண்டடுக்கு சரிபார்ப்பையும் ஆன் செய்யுங்கள். பழைய நம்பரும் மாற்று இமெயிலும் கையில் இல்லாத நிலையில் மாற்றப் போனால் 30 நாள் காத்திருக்கணும். கணக்கில் ஒன்றுக்கு மேற்பட்ட கீ இருந்தால், நீலத் திரையில் தெரியும் கீ ஐடியின் முதல் 8 எழுத்துகளோடு எது பொருந்துகிறதோ அதுதான் உங்க லேப்டாப்புக்கானது.