கல்லமேட்டுப் பேருடல் டைனோசார்

அரியலூர் மாவட்டம் கல்லமேட்டருகே கிடைத்த ஒரு கால் எலும்பின் நீளம் 2 மீட்டர். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மட்டுமே அவ்வளவு! உலகின் மிகப் பெரிய டைனோசார்களுள் ஒன்றான அர்ஜென்டினோசாரஸுக்கு அதே எலும்பு ஒன்றரை மீட்டரைச் சற்றே தாண்டும்.

1980களின் இறுதியில் யாதகிரி, அய்யாசாமி என்ற இரு நிலவியலாளர்கள் கல்லமேட்டு விலங்கை விவரித்து, புருஹத்காயோசாரஸ் மத்லேயி என்று பெயரிட்டார்கள். சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த விலங்கு. அந்தக் கால் எலும்பைத் தவிர இடுப்பெலும்பு, தொடையெலும்பின் ஒரு பகுதி, முன்கை எலும்பு, வால் முள்ளெலும்பு என்று கிடைத்தவை சொற்பம். முதலில் இதை ஊனுண்ணி என்றே வகைப்படுத்தினார்கள். நீண்ட கழுத்துடைய தாவர உண்ணிகளான டைட்டனோசார்களின் இனம் இது என்று 1995இல் தொல்லுயிரியலாளர் சங்கர் சாட்டர்ஜி திருத்தினார்.

அதற்குள் பெரிய இழப்பு நேர்ந்துவிட்டது. கல்லமேட்டுப் பாறைப் படிவத்தில் எலும்புகள் எளிதில் பொடிந்துபோகும் நிலையில்தான் இருக்கின்றன. மழையும் வெயிலும் மாறிமாறித் தாக்கும் மண் அது. தோண்டியெடுத்துப் பொதிந்த உறைக்குள்ளேயே, ஆய்வகம் போய்ச் சேருமுன் அவை உதிரத் தொடங்கின. இன்று ஒரு துண்டும் இல்லை. நம் மண்ணின் ஆகப் பெரிய விலங்குக்கு மிஞ்சியவை சில கோட்டோவியங்களும் அளவுகளும்தான் என்பது எனக்கு ஆறாத வருத்தம். ஓவியங்கள் தெளிவாக இல்லாததால், இவை எலும்புகளே அல்ல, கல்லாகிப்போன மரம் என்றுகூடச் சிலர் ஐயப்பட்டார்கள். பக்கத்துப் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் கல்மரம் கிடப்பதால், அந்த ஐயத்தைக் காரணமற்றது என்று தள்ளிவிட முடியாது. 2022இல் பழைய களப் புகைப்படங்கள் வெளியான பிறகுதான் ஆய்வாளர்கள் பலர் இதை மீண்டும் பொருட்படுத்தினார்கள்.

மறு ஆண்டு வந்த ஒரு கணிப்பு, இதன் எடையை 110 முதல் 170 டன் வரை சொன்னது. மேல் எல்லை சரியென்றால் நீலத் திமிங்கிலத்துக்கே இணை. ஆனால் இடைவெளி ஏன் இத்தனை பெரிது? இதைவிடக் கூடுதலான எலும்புகள் கிடைத்த உறவினங்களின் உடலை, இந்த எலும்பின் அளவுக்குப் பெருக்கித்தான் எடையைக் கணக்கிடுகிறார்கள். உடல் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் வளர்வதால், நீளத்தில் பத்து விழுக்காடு பிசகினால் எடையில் முப்பது விழுக்காட்டுக்கு மேல் பிசகும்.

அதே கல்லமேட்டுப் படிவத்தில் பின்னாளில் ஊனுண்ணி டைனோசார்களின் பற்கள் கிடைத்திருக்கின்றன. ஆகவே இன்னொரு பெரிய எலும்பும் அங்கே தென்படலாம். அப்போது, மண்ணிலிருந்து பெயர்க்குமுன் அதைப் பசையூட்டி இறுக்க வேண்டும். எல்லாப் பக்கமிருந்தும் படமெடுத்துவைக்க வேண்டும்.